யோகியின் பின் சக்கரம்

ஜனவரி 4

சைக்கிளின் முன்விளக்கைக் கழற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒருமுறை அழுத்தினால் மங்கலாக எரியும். இரண்டு முறை அழுத்தினால் அறை முழுக்க விழித்துக்கொள்ளும். பக்கத்துக் கட்டிலில் யோகமலர் என்று ஒருத்தி வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். அவள்தான் என் ஜோடி.

எங்கள் பயிற்சியாளர் தில்லையரசி மேடம் எல்லோருக்கும் பயிற்சி நோட்டு கொடுத்திருக்கிறார். எவ்வளவு தூரம் ஓட்டினோம், என்ன சாப்பிட்டோம், எங்கே வலிக்கிறது, எல்லாம் அதில் எழுத வேண்டும். மேடம் அதைப் படிப்பார். அதனால் அதில், 'உடல்நிலை நன்று' என்று எழுதினேன்.

கோத்தகிரிக்கு மேலே ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிறோம். குளிரில் விரல் மடங்கவில்லை. விளையாட்டு விடுதியில் அடுத்த வருஷம் ரோடு அணி கிடையாதாம், மலை அணி மட்டும்தானாம். பிப்ரவரியில் இங்கே நடக்கும் மூன்று நாள் மலைப் பந்தயத்தில் முதல் ஐந்து ஜோடிக்குள் வருகிறவர்களுக்கு விடுதியில் இடம் தொடரும். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான் சொந்த ஊர் வேம்பாருக்குப் போய் பிளஸ் டூ படிப்பேன். சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும்.

நான் ரோட்டில் ஓட்டுகிறவள். அப்பாவின் மீன் வண்டிக்குப் பின்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகினேன். வண்டியின் பின்கதவுக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டால் காற்றே தெரியாது. மீன் நாற்றம் மட்டும்தான். ரோடு என்பது எனக்கு அந்தக் கதவுதான். இங்கே மேடும் கல்லும் வேருமாக இருக்கிறது.

தூக்கம் வரவில்லை.

ஜனவரி 5

காலையில் டயருக்குக் காற்று அடித்தேன். ரோடு வண்டிக்கு அடிப்பதுபோலக் கல் மாதிரி ஆகும்வரை அடித்தேன். யோகமலர் வந்து டயரைத் தட்டிப் பார்த்தாள்.

"என்னா புள்ள, இதுல ஏறுனா கொய்யாப்பழம் மாதிரி தெறிச்சுப் போவ."

பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டாள். டயர் தொளதொளவென்று ஆகிவிட்டது. பஞ்சர் என்று நினைக்கும் அளவுக்கு.

"இப்படியா ஓட்டுவாவ?"

"ஓட்டுவாவளா?" என்று என்னைப்போலவே இழுத்துச் சொல்லிச் சிரித்தாள். "ஆமா, இப்படித்தான் ஓட்டுவாவ."

அவள் இங்கேயே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரி, தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை. எல்லோரும் அவளை யோகி என்று கூப்பிடுகிறார்கள். இறக்கத்தில் அவளை யாரும் பிடிக்க முடியாதாம். சமதரையில் மூச்சு வாங்குகிறாள். அதற்குத்தான் என்னை அவளோடு கட்டியிருக்கிறார் மேடம். ஏற்றத்திலும் சமதரையிலும் நான் அவளை இழுக்க வேண்டும், இறக்கத்தில் அவள் எனக்கு வழி காட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முடிக்க வேண்டும். நடுவில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிரிந்துவிட்டால் தண்டனை நேரம் போடுவார்கள்.

ஜனவரி 7

முதல் இறக்கம். கற்பூர மரக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை.

"டயரப் பாக்காத. பத்தடி தள்ளிப் பாரு. நீ எங்க பாக்குறியோ அங்கதான் வண்டி போகும்" என்று மேடம் கீழே நின்று கத்தினார்.

பார்க்கிறேன் என்றேன்.

பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இறங்கினேன். பாதை திடீர் திடீரென்று காலடியில் முளைத்தது. எல்லோரும் கீழே காத்திருந்தார்கள். "ஸ்டெனிலா, இது ஸ்லோ சைக்கிள் ரேஸ் இல்லம்மா" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள்.

பயம்தான் காரணம். நோட்டில் 'பயத்தை வெல்ல வேண்டும்' என்று எழுதினேன்.

ஜனவரி 9

கண்டுபிடித்துவிட்டேன். யோகியின் பின் சக்கரத்தை ஒட்டிப் போனால் இறங்க முடிகிறது. அப்பாவின் வண்டி மாதிரி. அவள் சக்கரம் தூக்கினால் நானும் தூக்குகிறேன், திரும்பினால் திரும்புகிறேன். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. கீழே யோகிக்குப் பின்னாலேயே வந்து நின்றேன். மேடம் கை தட்டினார்.

யோகிக்குப் பிடிக்கவில்லை. "ரோட்டுல பண்ற மாதிரி இங்க ஒட்டாத. நான் பிரேக் போட்டா நீ என் முதுகுல ஏறிடுவ."

"ஏறமாட்டேன். நான் இப்படித்தான் பழகியிருக்கேன்."

"சொன்னாக் கேளு புள்ள."

சாயங்காலம் பள்ளிக்கூடத்து மதில்மேல் உட்கார்ந்திருந்தோம். கீழே சமவெளியில் மேட்டுப்பாளையம் விளக்குகள். ஒவ்வொன்றும் செவ்வந்திப்பூ அளவுக்கு விரிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, அவ்வளவு அழகு. செவ்வந்திப்பூ மாதிரி இருக்கிறது என்று யோகியிடம் சொன்னேன்.

"பூவா? கடுகு கொட்டுன மாதிரில்ல இருக்கு" என்றாள்.

அவளுக்கு ரசனை கிடையாது.

ஜனவரி 11

ஞாயிறு, ஓய்வு நாள். எல்லோரும் கோத்தகிரி பஜாருக்குப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு இறக்கத்தை நடந்தே பார்க்கப் போனேன். குனிந்து குனிந்து பார்த்து ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தேன். பட்டை உரிந்த கற்பூர மரம், இடது. அடுத்து பாம்பு மாதிரி வேர், எழுந்து நிற்க வேண்டும். பிறகு வாய்க்கால், வலது ஓரம். உடைந்த தண்ணீர்க் குழாய், பிரேக். வேதியியலில் தனிம வரிசையை இப்படித்தான் படித்தேன். கரும்பலகையை நம்பினால் நான் எதையும் படித்திருக்க முடியாது. கடைசி பெஞ்ச் பிள்ளைகள் அதில் இருப்பதை எப்படித்தான் பார்த்து எழுதுகிறார்களோ.

திரும்பி வரும்போது வாசலில் யாரோ கை காட்டினார்கள். சமையல்கார அக்கா என்று நினைத்து நானும் காட்டிவிட்டு உள்ளே போனேன். மேடமாம். "கூப்பிட்டா கையாட்டிட்டுப் போறியே, பெரிய மகாராணியா?" என்றார்.

ஜனவரி 13

இன்று நான் வீராங்கனை ஆகிவிட்டேன்.

தேயிலைச் சரிவில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், ஏற்றம் என்பதால். பாதையோரம் பெரிய பாறை. அதை ஒட்டியே போகலாம் என்று நேராகப் போனேன். பின்னாலிருந்து யோகி, "ஏய் கிறுக்கி! நில்லு! நில்லுடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பாறை தலையைத் தூக்கியது.

காட்டுமாடு. ஐந்தாறு அடிதான் இருக்கும். அதன் மூச்சு புகையாக வந்தது. நான் அசையவில்லை, அசைய முடியவில்லை. அது கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனது.

ராத்திரிச் சாப்பாட்டில் எல்லோருக்கும் இதே பேச்சு. "காட்டுமாட்டுக்கே வணக்கம் சொன்னவ" என்று பெயர் வைத்துவிட்டார்கள். யோகி மட்டும் சிரிக்கவில்லை. சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"உனக்குப் பயமே கிடையாதா?" என்றாள்.

"உனக்கு?"

"பயமா? அது கிலோ என்ன வெல?"

அதைக் கேட்டதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. போர்வைக்குள் இன்னும் எழுத்து கோணலாக விழுகிறது.

ஜனவரி 15

பொங்கல். மேடம் போனைக் கொடுத்தார். அப்பா, "மலையில குளிருதாட்டி?" என்றார். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மா மீன் பிரித்துக்கொண்டிருந்தாளாம். இப்போதெல்லாம் விரலால் தடவித்தான் பிரிக்கிறாள். செதிலைத் தொட்டே சீலா மீனா பாறை மீனா என்று சொல்லிவிடுவாள். ஊரில் அதை ஒரு வித்தை மாதிரிப் பேசுவார்கள்.

அம்மாவுக்கு என் வயதில் தொடங்கியதாம். முதலில் தூரம், பிறகு சாயங்காலம், பிறகு வலது கண் முழுவதும்.

எதற்கு இதை எழுதினேன்.

ஜனவரி 18

மனப்பாடம் செய்த இறக்கத்தில் இன்று நான்தான் இரண்டாவது. யோகிக்கு அடுத்து. மேடம் என் முதுகில் தட்டி, "ரோட்டுப் பொண்ணு மலைப் பொண்ணு ஆயிட்டா" என்றார். உடம்பெல்லாம் சூடாக இருந்தது.

பிறகு பந்தய விதிகளைப் படித்துச் சொன்னார். மூன்று நாளும் மூன்று வெவ்வேறு பாதை. எந்தப் பாதை என்பதை முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள். போய்ப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

மனப்பாடம் செய்ய ஒரு நாள்கூடக் கிடைக்காது.

ஜனவரி 20

புதுப் பாதை. எனக்குத் தெரியாத பாதை. யோகியின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டு முறை, "தள்ளி வா" என்று கத்தினாள். தள்ளினால் சக்கரம் மங்கிவிடும். இன்னும் நெருங்கினேன்.

பாதையின் குறுக்கே மரம் விழுந்திருந்தது. அவள் பிரேக் போட்டாள். நான் அவள்மேல் ஏறினேன்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். யோகி சரிவில் தேயிலைச் செடிகளுக்கு மேல் போய் விழுந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. சுண்டுவிரல் பிசகிவிட்டது. அவள் அழவில்லை. எழுந்து வந்து, தன் வண்டியின் முன்சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கி, ஹேண்டிலை ஒரு கையால் நேராக்கினாள்.

"மரம் விழுந்து கெடந்துச்சே. அவ்வளவு பெரிய மரம். பாக்கலியா?"

"நீ திடீர்னு பிரேக் போட்ட."

"அங்க இருந்தே தெரியுதுடி மரம்!"

நான் என் வண்டியைத் தூக்கி நிறுத்தினேன்.

ஜனவரி 21

யோகி பேசவில்லை.

ஜனவரி 22

யோகி பேசவில்லை. விரலுக்குக் கட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தலை பின்ன முடியவில்லை அவளுக்கு. நான் பின்னிவிட்டேன். பின்னி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி 24

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

மத்தியானம் மைதானத்தில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரோரம் மஞ்சள் ஜெர்சியில் யோகி நின்றாள். யோகிக்கு மட்டும்தான் மஞ்சள் ஜெர்சி. சமாதானம் செய்துகொள்ளலாம் என்று, "யோகி, சாரிடி! என்னை அடிக்கக்கூட அடி, ஆனா பேசு!" என்று இங்கிருந்தே கத்தினேன்.

அவள் பதில் சொல்லவில்லை. கிட்டே போனேன். மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நின்றது சமையல்கார அக்கா. சேலைக்கு மேலேயே போட்டிருந்தார். சேலைக்கு மேலே! "அந்தப் பொண்ணுதான் போட்டு நில்லுங்கன்னு சொல்லுச்சு கண்ணு" என்று நெளிந்தார்.

எனக்குப் பின்னால் யோகி நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"உனக்குக் கண்ணு தெரியல."

"வெயிலு கண்ணுல பட்டுச்சு."

"காட்டுமாட்டுக்கிட்ட போனப்பவும் வெயிலா?"

"நீ போய்ப் பேசாம ஒன் வேலையப் பாரு."

"என் வேலையே நீதான புள்ள. ஒங்கூடத்தான் நான் மூணு நாளு ஓட்டணும்."

அவள் பொய் சொல்கிறாள். எனக்குக் கண் தெரியும். புத்தகம் படிக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்கிறேன். இதோ எழுதுகிறேனே.

ஜனவரி 25

கண்ணாடி போட்டவளை எந்தத் தேர்விலும் எடுக்க மாட்டார்கள் என்று விடுதியில் மூத்த அக்காக்கள் சொல்வார்கள். சோடாபுட்டி என்று ஒருத்தியை ஓட்டி ஓட்டியே ஊருக்கு அனுப்பினார்கள்.

ஆனால் நான் பயப்படுவது கண்ணாடிக்கு இல்லை. அம்மாவும் கண்ணாடி போட்டாள். கண்ணாடி தடித்துக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்.

ஜனவரி 28

கிழிக்கவில்லை.

யோகி யாரிடமும் சொல்லவில்லை. இன்று இறக்கத்துக்கு முன்னால் என்னிடம் வந்து, "எனக்குப் பின்னாடி ரெண்டு வண்டி தள்ளி வா. நான் சொல்றத மட்டும் கேளு" என்றாள். பிறகு இறங்கிக்கொண்டே கத்தினாள். "வேரு! எடது! கல்லு, கல்லு, நடுவுல போ! பள்ளம், எந்திரி! ஒன் மாமியா வீடு, வலது!"

சிரிப்பில் பிடி நழுவப் பார்த்தது. ஆனால் இறங்கினேன். மேடத்துக்கு எங்கள் நேரத்தை நம்ப முடியவில்லை. "என்ன ரெண்டு பேரும் பாட்டுப் பாடிட்டு வரீங்க?" என்றார்.

"ஏன் சொல்லல மேடத்துக்கிட்ட?" என்று யோகியைக் கேட்டேன்.

"நீ போனா எனக்கு யாரு இருக்கா ஏத்தத்துல இழுக்க? நானும் லயத்துக்குத்தான் திரும்பணும்" என்றாள். கட்டுப்போட்ட விரலால் மூக்கைச் சொறிந்துகொண்டாள். "எங்கம்மா எனக்கும் சேத்துக் கொழுந்துக் கூடை வாங்கி வச்சிருச்சு."

பிப்ரவரி 1

மேல் முகட்டில் காற்று. யோகி முன்னால் கத்துவது பாதிதான் என் காதுக்கு வந்தது. நான் கேட்டது, "...து". இடதா, வலதா?

நின்றுவிட்டேன். இரண்டு கால்களையும் ஊன்றி, பாதை நடுவில். அவள் வெகுநேரம் கழித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"ரேஸுல இப்படி நின்னா?"

"தெரியல."

"விழுந்தா?"

"தெரியலட்டி, எனக்கு ஒண்ணும் தெரியல!"

என் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே மிட்டாயைக் கடித்துத் தின்றோம். நாளை மறுநாள் டாக்டர் வருகிறார். நெஞ்சு, ரத்த அழுத்தம், கண்.

பிப்ரவரி 3

டாக்டர் நாள். முதலிலிருந்து எழுதுகிறேன். ஒன்றையும் விடக் கூடாது.

சுவரில் அட்டை மாட்டியிருந்தார்கள். எழுத்தே இல்லை. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஒரே குறி, மேலே பார்த்து, கீழே பார்த்து, இடம், வலம் என்று திரும்பித் திரும்பி இருக்குமாம். டாக்டர் அட்டைக்குப் பக்கத்தில் நின்று குச்சியால் ஒவ்வொன்றாகத் தொடுவார். பல் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும்.

யோகி முதல் ஆளாக முடித்துவிட்டு வெளியே வந்து என்னை ஓரமாக இழுத்தாள்.

"கவலப்படாத. நான் உள்ள போய் டாக்டருக்குப் பின்னாடி பீரோகிட்ட நிக்கிறேன். கட்டு மாத்தணும்னு சொல்லிட்டேன். அட்டைய நீ பாக்க வேணாம். என் வெரலப் பாரு. மேலன்னா மேல காட்டுவேன், எடதுன்னா எடது. முடிஞ்சுச்சு."

அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாள். எனக்கும் பெரிய நிம்மதி. இரண்டு பேருக்குமே அப்போது எதுவும் தோன்றவில்லை.

உள்ளே போய்க் கோட்டில் நின்றேன். ஒரு கண்ணைப் பொத்தினேன். முதல் குறி பெரியது, சொல்லிவிட்டேன். டாக்டர் கீழ் வரிசைக்குப் போனார். நான் யோகியைப் பார்த்தேன். பீரோ இருந்தது. பீரோவுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒன்று இருந்தது. அதற்குக் கை இருக்க வேண்டும். கையில் விரல் இருக்க வேண்டும்.

"சொல்லும்மா" என்றார் டாக்டர்.

"கீழ."

"அடுத்தது?"

"மேல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

மஞ்சள் கொஞ்சம் அசைந்தது. பிறகு நிறைய அசைந்தது. பிறகு இரண்டு கையையும் தூக்கி, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வண்டியைப் பின்னால் வரச் சொல்வதுபோல வீசத் தொடங்கியது. அது தெரிந்தது.

"மேல!" என்றேன். "இல்ல, வலது! வலது!"

"நான் இன்னும் குச்சிய எடுத்து வைக்கவே இல்லையேம்மா" என்றார் டாக்டர். மெதுவாகத் திரும்பினார். யோகி கையைத் தூக்கியபடியே உறைந்து நின்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஏ மூதேவி," என்றேன், டாக்டர், மேடம் எல்லோர் முன்னாலும், "ஒன் வெரலு எனக்குத் தெரிஞ்சா, அந்த அட்டையே தெரிஞ்சிருக்குமேட்டி!"

யோகி வாயைப் பிளந்தாள். ஒரு நொடி யோசித்தாள். "ஐயோ ஆமால்ல" என்றாள்.

சிரித்துவிட்டோம். அவள் பீரோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். எப்போது என் சிரிப்பு அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மேடம் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா?"

"எட்டாவதுலேர்ந்து."

"அந்த இறக்கத்தையெல்லாம் இந்தக் கண்ண வச்சா ஓட்டுன?" அவர் குரல் உயரவில்லை. கை மட்டும் என் தோளை வலிக்கும்படி பிடித்திருந்தது. "செத்திருப்பீங்கடி ரெண்டு பேரும்."

"கண்ணாடி போட்டா எடுக்க மாட்டாங்கல்ல மேடம்."

"யார் சொன்னா? உலகத்துல பாதிப் பேர் போட்டுட்டுதான் ஓட்டுறாங்க. கேட்டிருக்கலாம்ல என்கிட்ட?"

அப்போது அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கண்ணின் பின்பக்கத்தையும் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார் டாக்டர். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். என் பெயர் இல்லையென்றால் மாற்று ஆளாக இருக்கும் பெண் யோகியோடு போவாள்.

பிப்ரவரி 6

கோயம்புத்தூர். மேடத்தின் அக்கா வீட்டில் படுத்திருக்கிறோம்.

அப்பா மீன் வண்டியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முன்சீட்டில் அம்மா. கண் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மூக்கைப் பிடித்தார். "கழுவித்தான் கொண்டாந்திருக்கேன் சார்" என்றார் அப்பா, ரோஷமாக.

கண்ணில் மருந்து விட்டுவிட்டு உட்கார வைத்தார்கள். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. பக்கத்தில் அம்மா என் கையைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள். மீனைப் பிரிக்கிற மாதிரி.

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல்ல?"

"ஒன்ன மாதிரி ஆயிருவனோன்னு."

அம்மா என் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். "நானும் எங்கம்மாட்ட சொல்லல்ல" என்றாள். "கடைசில கண்ணாடி மட்டும் வாங்கித் தந்தாவ. உள்ள யாரும் வெளக்கடிச்சுப் பாக்கல்ல."

என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். தாடையை வைக்கச் சொன்னார்கள். மேலே பார், கீழே பார், ஓரமாகப் பார். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பேனா நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

பின்பக்கம் நன்றாக இருக்கிறதாம். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மின்னல் மாதிரித் தெரிந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். மற்றபடி கண்ணாடி போதும். இரண்டு கண்ணுக்கும் பவர் மூன்றரைக்கு மேல். "இதோட எப்படிம்மா ரோட்டுல போன?" என்றார்.

"எனக்குப் பின்னாலதான் வருவா" என்றார் அப்பா. பிறகு சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவின் இடது கண்ணையும் பார்க்க வேண்டும் என்று அவளை மாடிக்கு அழைத்துப் போனார்கள். நாளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 10

கண்ணாடி வந்தது. ஓட்டும்போது நழுவாமல் இருக்கப் பின்னால் பட்டை வைத்தது. கோத்தகிரிக்கு பஸ்ஸில் தனியாக வந்தேன். மரத்துக்கு மரம் இலை இருக்கிறது. ஒவ்வொரு இலையும் தனியாக இருக்கிறது. வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்ததில் தலை வலித்தது.

யோகி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "டீச்சர் மாதிரி இருக்க" என்றாள். "வணக்கம் டீச்சர், ஒண்ணுக்குப் போகட்டுங்களா டீச்சர்?"

பிப்ரவரி 11

கண்ணாடியோடு சமதரையிலும் ஏற்றத்திலும் ஓட்டினேன். பறந்தேன். இறக்கம் நாளைக்கு.

பிப்ரவரி 12

நாளைக் காலை பந்தயம். விளக்கின் சார்ஜ் குறைகிறது, சீக்கிரம் எழுத வேண்டும்.

மத்தியானம் அந்த மேல் முகட்டுக்குப் போனோம். நான், யோகி, மேடம். "ஒரே ஒரு தடவை எறங்கிக் காட்டு. அப்புறம் பேர் கொடுக்கிறேன்" என்றார் மேடம். அவர் கீழே போய் நின்றுகொண்டார்.

பாதையின் தொடக்கத்தில் நின்று பார்த்தேன். இடது பக்கம் ஒன்றும் இல்லை.

அதாவது, பாதை முடிந்து நாலு புல். அதற்கு அப்புறம் வெறும் காற்று. வெகு ஆழத்தில் ஒரு ஓடை, ஓடைப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு வீடு, அந்த வீட்டு வாசலில் காயப்போட்ட துணி. இதுவரை அந்தப் பக்கம் எனக்குப் பச்சையும் சாம்பலுமாகப் புகைமாதிரிதான் இருந்தது. ஏதோ புதர் என்று நினைத்திருந்தேன்.

கால் தரையை விட்டு எழவில்லை.

"இது எப்பவுமே இங்க இருந்துச்சா?" என்றேன்.

"பின்ன? நேத்தா வெட்டுனாங்க?"

"இது ஓரமாவா நான் போனேன்?"

"ஒரு முழம் தள்ளி. எனக்கு ஈரக்கொலையே நடுங்கும்" என்றாள் யோகி. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். பள்ளம் உடனே போய்விட்டது. மறுபடியும் புகை. முன்னால் யோகியின் பின் சக்கரம் மட்டும் தெளிவாக, கருப்பாக, பழகியதாக இருந்தது. இப்படியே போய்விடலாம். கீழே போய் மாட்டிக்கொண்டால் மேடத்துக்குத் தெரியாது. அவள் கத்துவாள், நான் கேட்பேன். மூன்று நாள்தானே.

அவளுடைய முழங்கை என் முகத்துக்கு நேராக இருந்தது. தோல் புதிதாக வளர்ந்து இளஞ்சிவப்பாக மினுங்கியது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். பட்டையை இறுக்கினேன்.

"யோகி, தள்ளு. நான் முன்னால போறேன்."

"நெசமாவா?"

"ஒன் சக்கரம் முன்னால இருந்தா அதையே பாத்துட்டுப் போவேன். தள்ளுட்டி."

இறங்கினேன். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் வண்டி போகும். அதனால் பாதையைப் பார்த்தேன். பத்தடிக்கு முன்னால் ஒரு கல், அதற்கு முன்னால் வேர், அதற்கும் முன்னால் வளைவு. எல்லாம் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டு நின்றன. யாரோ 'அம்மா, அம்மா' என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான்தான். வளைவில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. உயிர் போய் வந்தது. வேகமாக இறங்கினேன் என்று சொல்ல முடியாது. கடைசியில் தரை சமமானது. மேடம் கடிகாரத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேர் கொடுத்துடறேன்" என்றார்.

இறங்கித் திரும்பி மேலே பார்த்தேன். யோகி அந்த ஓரத்து வளைவில் வந்துகொண்டிருந்தாள். இறக்கத்தில் இத்தனை நாளும் அவள் முதுகையும் சக்கரத்தையும் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. இவ்வளவு தூரத்திலும் அவள் முகம் தெரிந்தது. வெளுத்திருந்தது. கண் விரிந்து, கீழுதட்டைப் பல்லால் அழுத்திக் கடித்திருந்தாள். கிட்டே வரும்போது வாய் ஓரத்தில் எச்சில் வழிவதும் தெரிந்தது. சின்னப் பிள்ளை இருட்டில் கிணற்றடிக்குப் போகிற மாதிரி வந்தாள்.

என் பக்கத்தில் வந்து நின்றதும் முகத்தை மாற்றிக்கொண்டாள். "என்னா டீச்சர், எப்படி?" என்றாள்.

"நீயும் பயந்துட்டுதான் எறங்குறியா?" என்றேன்.

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்தை ஜெர்சியில் அழுத்தித் துடைத்தாள். "எப்பவும்" என்றாள். "யாருக்கிட்டயும் சொல்லிராத."